ஒரு கீயைப் பிடுங்கிப் பார்க்கலாமா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் மானிட்டரைத் திறப்பவருக்கு மரியாதை கிடைக்கும், ஹார்ட் டிஸ்க்கைத் திறப்பவருக்கு பயபக்தி கிடைக்கும், கீபோர்டைத் திறப்பவருக்கு உள்ளே இருக்கும் முறுக்குத் தூள் கிடைக்கும். தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் ஒரு மாடிப்படித் திருப்பத்தில் இருந்த சின்ன சர்வீஸ் கம்பெனியில் எனக்கு வாய்த்தது மூன்றாவது. ஊரார் சாமான் எதையாவது திறந்து பார்த்து, "இதுல என்ன கோளாறுன்னா..." என்று வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பழைய கீபோர்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழுப்பேறிய வெள்ளை, தேய்ந்த எழுத்து, ஓரத்தில் காப்பிக் கறை. வித்தியாசமெல்லாம் கீக்கு அடியில் ஒளிந்திருக்கும் சுவிட்சில். சிலவற்றில் ஸ்பிரிங் இருக்கும், அழுத்தினால் 'டக்' என்று கேட்கும். சிலவற்றில் குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ரப்பர் இருக்கும், அழுத்தினால் 'பொத்'. இன்னும் பழசில் ஃபோம், அதாவது ஸ்பாஞ்சுத் துண்டு. ஒன்றின் உதிரி இன்னொன்றுக்கு ஒத்துவராது. ஆகவே உள்ளே என்ன வகை என்று தெரியாமல் கை வைக்க முடியாது, தெரிந்துகொள்ள ஒரே வழி ஒரு கீயைப் பிடுங்கிப் பார்ப்பது. ஆபீஸ் ஆபீஸாகப் போய் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பல் டாக்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்கள்.

எங்கள் முதலாளி பாஸ்கர் சார் என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் பெண் விடுதலை இல்லை. விளம்பரத்துக்கு வந்த ஒரே டிப்ளமோ நான்தான். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "இதோ பார் கற்பகம், ஆறு மாசம் ட்ரையல். வெளிவேலைக்குப் போ, வேண்டாங்கல. ஆனா எந்தக் கஸ்டமராவது 'லேடீஸ் வேண்டாம், ஜென்ட்ஸை அனுப்பு'ன்னு போன் பண்ணினா, மறுநாள்லேர்ந்து நீ டெலிபோன் டேபிள்."

டெலிபோன் டேபிள் என்பது அவர் அறை வாசலில், டயலுக்குப் பூட்டுப் போட்ட ஒரு டெலிபோனும், காலண்டரும், ஃபேனும் உள்ள இடம். எங்கப்பாவுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்திருந்தது. "ஃபேனுக்கு அடியில உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுற வேலை, இதைப் போய் வேண்டாங்கறியே" என்பார். எனக்கோ நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். "ஹலோ" சொல்வதற்கா மண்டையை உடைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன்?

கனமான சரக்கு

உஸ்மான் ரோட்டில் ஒரு புடவைக் கடை. முதலாளி தென்காசிப் பக்கத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி, கல்லாவை விட்டு இறங்கவே மாட்டார். பில் போடும் கம்ப்யூட்டரில் எண்கள் விழவில்லை என்று கூப்பிட்டிருந்தார். நான் போய்க் கம்பெனி பேரைச் சொன்னதும் "வாம்மா, இரி" என்று ஸ்டூலைக் காட்டினார், கலர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கலரைக் குடித்து முடித்துவிட்டு, "பார்த்துடலாமா சார்?" என்றேன். "இஞ்சினியரு வரட்டும்லா" என்றார். நான்தான் இன்ஜினியர் என்றேன். என்னையும் நான் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்த டிபன் பையையும் மாறி மாறிப் பார்த்தவர், மெதுவாக டெலிபோன் ரிசீவர் மேல் கையை வைத்தார். போச்சு, டெலிபோன் டேபிள்தான்! "ஒரு நிமிஷம் சார், ஒரே ஒரு கீயைப் பிடுங்கிப் பார்த்துடறேன்" என்று சொல்லி, அவர் சரி என்பதற்குள் பிடுங்கிவிட்டேன்.

உள்ளே ரப்பர். இருப்பதிலேயே மட்டமான வகை. அதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரப்பரா? என்னம்மா பேசுத? கையில தூக்கிப் பாரு, என்னா கனம்! கனத்தப் பாத்துல்லா வாங்குனேன்?" பட்டுப் புடவையைக் கையில் ஏந்திப் பார்த்தே தரம் சொல்லிவிடுகிற மனுஷன். கீபோர்டையும் அப்படித்தான் ஏந்திப் பார்த்து வாங்கியிருக்கிறார். நான் கவிழ்த்துப் போட்டு அடி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பெரிய இரும்புத் தகடு, எந்த வயரோடும் சேராமல், எந்த வேலையும் இல்லாமல், நாலு திருகாணியில் சும்மா படுத்துக்கொண்டிருந்தது. கனத்துக்கென்றே வைத்த தகடு. கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மிச்சம் இருந்த கீபோர்டை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினேன்.

விற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு வியாபாரியின் சாமர்த்தியத்தை இன்னொரு வியாபாரி ரசிக்கிற மலர்ச்சி அது. போனை மறந்தே போனார். நான் ரப்பரையும் அடியில் இருந்த ஷீட்டையும் துடைத்துச் சரிசெய்து மூடப் போகும்போது அவசரமாகக் கையை நீட்டினார்.

"அந்தத் தகட்ட மறக்காம உள்ள வச்சு முடுக்கும்மா, நாளப்பின்ன இத நான் இன்னொருத்தனுக்கு விக்கணும்லா!"

ராகு காலத்தில் பிடுங்கலாகாது

அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் ஜோதிடர். பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டினால் பிரிண்டரில் 'கர்ர் கர்ர்' என்று ஜாதகம் வரும். கையால் எழுதினால் நம்பாத ஜனங்கள் பிரிண்டரில் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அந்தக் கீபோர்டில் பாதிக் கீகள் அமுங்கினால் எழுந்திருப்பதில்லை. நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி ஆயிடுத்து, ராகு காலம். பிடுங்கறது, புடுங்கறது எல்லாம் நாலரைக்கு மேல" என்று சொல்லிவிட்டு என் நட்சத்திரத்தைக் கேட்டார். நானும் பொழுது போகட்டுமே என்று சொல்லித் தொலைத்தேன். "அலைச்சல் தீரப் போறது. உக்காந்த எடத்துல உத்தியோகம்" என்றார். அவர் ஆசீர்வாதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பகீர் என்றது.

நாலரைக்குப் பிடுங்கினேன். ஃபோம். அதுவும் எப்படிப்பட்ட ஃபோம்! ஸ்பாஞ்சு உதிர்ந்து மாவாகி, மஞ்சளாகி, மூக்கைத் துளைக்கிற சந்தன வாசனை. விசாரித்தால், ஆயுத பூஜைக்கு மட்டும் இல்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாகச் சந்தனம் குங்குமம் இட்டு வந்திருக்கிறார். "எழுத்து ஒவ்வொண்ணும் சரஸ்வதியாச்சே" என்றார். சரஸ்வதிக்கு இட்ட சந்தனமெல்லாம் இடுக்கு வழியாக இறங்கி, ஃபோம் குடித்து வைத்திருந்தது. எப்போது தயாராகும் என்று கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன்: "உள்ளே மொத்தமும் போயிடுச்சு சார். இதே வகையில வேற துண்டு கிடைச்சா அடுத்த வாரம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்." அவர் முகம் சிவந்துவிட்டது. விறுவிறு என்று எங்கள் ஆபீஸ் நம்பரைச் சுழற்றினார். நான் கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, எங்கள் லைன் என்றைக்கும் போல அன்றைக்கும் எங்கேஜ்ட். ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆகலாம், ஆகாமலும் போகலாம்னா என்னம்மா பேச்சு இது? வர்றவாகிட்ட நான் இப்படிச் சொன்னா எவனாவது தட்சணை வைப்பானா?"

மொட்டை மாடியில் காய்ந்தவை

வேளச்சேரியில் அப்போதெல்லாம் நாலு தூறல் விழுந்தாலே வீட்டுக்குள் தண்ணீர் வரும். அந்த வருஷம் நன்றாகவே வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கணவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். கதவைத் திறந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், "அப்பாடி, பொம்பளைப் புள்ளையா வந்தே! நேரா மாடிக்குப் போ" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளில் என்னைப் பார்த்து 'அப்பாடி' சொன்ன முதல் கஸ்டமர் அவள்தான்.

மொட்டை மாடியில் பழைய புடவை விரித்து, நனைந்ததையெல்லாம் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் துவரம் பருப்பு, ஒரு பக்கம் மிளகாய், அடுத்து பையனின் மார்க் ஷீட், அதற்கும் அடுத்து கீபோர்டின் கீகள், ஒன்று விடாமல் பிடுங்கப்பட்டு வரிசையாக. நான் கேள்வியே கேட்காமல் விடை கிடைத்த ஒரே வீடு அது. கீ போன இடத்திலெல்லாம் ஸ்பிரிங் தலை நீட்டிக்கொண்டிருந்தது, நல்ல ஜாதி ஸ்பிரிங், முக்கால்வாசி துருப்பிடித்துவிட்டது. துருவை எடுத்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு கீயாக மாட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் பெரிய கீயாக ஒன்று குறைந்தது. 'என்டர்' கீ. பருப்புக்குள் தேடினேன், மிளகாய்க்குள் தேடித் தும்மினேன். சத்தம் கேட்டு மேலே வந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பருப்புக்குத்தான் குச்சி வெச்சுக்கிட்டுக் காவல் உக்காந்தேன், அந்தப் பாழாப்போன காக்கா இதைப் போய்த் தூக்கும்னு யாரு கண்டா? சரி, அதை விடு, மிக்ஸி பார்ப்பியா?"

வரன் வராத எழுத்து

எந்தக் கீயைப் பிடுங்குவது என்பதில் எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கஸ்டமர் தொடவே தொடாத கீயைத்தான் பிடுங்க வேண்டும். திரும்பச் சரியாகப் பொருந்தாமல் போனாலும் அவர் கண்டுபிடிக்க வருஷக்கணக்காகும். 'ஸ்க்ரால் லாக்' என்று ஒரு கீ மூலையில் இருக்கிறதே, அதை யாருக்காக வைத்தார்கள் என்று நீங்கள் யோசித்திருந்தால், எங்களுக்காகத்தான்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. சென்டர். முழுக்கக் கல்யாணப் பத்திரிகைதான். ஓனர் சேஷாத்ரி மாமா தன் கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார். அதில் ஸ்க்ரால் லாக்கை எனக்கு முன்னால் வந்த புண்ணியவான் எவனோ பிடுங்கித் தொலைத்துவிட்டிருந்தான். வேறு எதைப் பிடுங்கலாம் என்று துழாவியபோது என் விரல் 'க்ஷ' ஸ்டிக்கர் மேல் நின்றது. நம்ம தமிழில் இது யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஐயையோ, அதைத் தொடாதே! மயிலாப்பூர்ல க்ஷ இல்லாம நான் எப்படிப் பத்திரிகை அடிக்கறது, பாதிப் பொண்ணு லக்ஷ்மின்னா? அதோ அந்த ஆய்த எழுத்தைப் பிடுங்கிக்கோ, கடை திறந்த நாள்லேர்ந்து அதுக்கு ஒரு வரன்கூட வரலை."

இயற்கைக் காரணம்

எங்கள் கம்பெனியின் சீனியர் டில்லி அண்ணன். நொச்சிக்குப்பத்துக்காரர். பிடுங்கிப் பார்ப்பதெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைச்சல். கீபோர்டைக் காதில் வைத்துக்கொண்டு ரெண்டு தட்டு தட்டி, உள்ளே இருப்பதைச் சொல்வார். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதி நேரம், "கீபோர்டு பொய் சொல்லுதும்மா" என்பார். தேனாம்பேட்டையில் ஒரு பெரிய ஆபீஸ், மிஷின் பெரிசு என்பதால் எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பினார் பாஸ்கர் சார். அந்த மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு, டில்லி அண்ணனையும் பார்த்துவிட்டு, "கூட ஆள் வந்தாச்சு, பரவாயில்லை" என்றார். அவரைப் பொறுத்தவரை நான் ஆள் இல்லை, கூட வந்தவர்தான் ஆள்.

கீபோர்டு சுத்தமாகச் செத்துக் கிடந்தது. அண்ணன் காதில் வைத்துத் தட்டினார். "ஸ்பிரிங்கு தாம்மா." நான் இல்லை என்றேன், 'டக்' என்ற சத்தமே கேட்கவில்லை. "டீ பெட்டு?" என்று ஒரு டீக்குப் பந்தயம் கட்டினார். சரி என்று பிடுங்கினேன். ஸ்பிரிங்கும் இல்லை, ரப்பரும் இல்லை, ஃபோமும் இல்லை. என் ஸ்குரூ டிரைவர் முனை தானாகப் போய் உள்ளே ஒட்டிக்கொண்டது. அண்ணன் எட்டிப் பார்த்தார். "அய்ய, இன்னாமா இது, காந்தம் கீது உள்ள!" ஒவ்வொரு கீயிலும் ஒரு குட்டிக் காந்தம், கீழே அதை உணர்கிற ஒரு சிப். எதுவும் எதையும் தொடாது, தேயாது, நம் பேரன் காலம் வரை உழைக்கும். அப்படியானால் கோளாறு கீபோர்டிலேயே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். பீரோவுக்குப் பின்னால், கடித்துக் குதறியிருந்தது. பக்கத்திலேயே ஆதாரங்களும் கிடந்தன.

வயரை ஒட்டிச் சரிசெய்தோம். உயிர் வந்துவிட்டது. நான் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற இடத்தில் எழுத ஆரம்பித்ததும், அதுவரை டில்லி அண்ணனிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் முதல் தடவையாக என்னை 'மேடம்' என்றார்.

"மேடம், எலின்னு மட்டும் எழுதிடாதீங்க, இந்த ஆபீஸ்ல எலியே இல்லைன்னு ஹெட் ஆபீஸுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். 'இயற்கைக் காரணம்'னு போட்டுடுங்க."

சத்தம் எங்கிருந்து வருகிறது?

லஸ் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். எங்கள் கம்பெனிக்கு அதைவிடப் பெரிய வருடாந்தர கான்ட்ராக்ட் கிடையாது. என் ட்ரையல் முடிகிற சமயம், டில்லி அண்ணனுக்கு வேறு வேலை, வேறு வழியில்லாமல் பாஸ்கர் சார் என்னை அனுப்பினார். "வாயைக் குறைச்சுக்கோ கற்பகம். அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தெரியுமில்ல?" என்று டெலிபோன் டேபிளைக் கண்ணாலேயே காட்டினார்.

வருமான வரி ரிட்டர்ன் போடும் சீசன். ஹாலில் சுவரை ஒட்டி ஒரே நீள மேஜை, அதன் முன்னால் தோளோடு தோள் இடிக்க டைப்பிஸ்ட் பெண்கள். நடுவில் எல்லோருக்கும் சீனியரான சரோஜா மேடம், அந்தக் காலத்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எல்லோரும் சேர்ந்து தட்டினால் தகரக் கொட்டகையில் கல்மழை பெய்கிற சத்தம். ஆடிட்டர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கத்தினார். கோபத்தில் இல்லை, கத்தினால்தான் கேட்கும். "கிளையண்ட் வந்து ரகசியக் கணக்கைச் சொல்றார். இந்தச் சத்தத்துல காதுல விழலை, அதனால அவரும் கத்தறார், நானும் கத்தறேன். ரகசியம் பக்கத்து ஆத்து வரைக்கும் போறது! எது எது ஸ்பிரிங் கீபோர்டோ, கண்டுபிடிச்சு மொத்தத்தையும் தூக்கிடு."

சந்தோஷமாக ஆரம்பித்தேன், இது என் வேலை அல்லவா? மேஜை ஓரத்திலிருந்து ஒவ்வொரு கீபோர்டாக ஸ்க்ரால் லாக்கைப் பிடுங்கினேன். ரப்பர். ரப்பர். இதுவும் ரப்பர். சரோஜா மேடம் இடியாக இடிக்கிற கீபோர்டு, அதுவும் ரப்பர். கடைசி ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பூப்பறிக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நின்றாலும் சத்தம் கேட்கவில்லை. அந்த ஹாலிலேயே ஸ்பிரிங் கீபோர்டு அவளுடையது ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய் ஆடிட்டரிடம் சொன்னேன்: "ஒண்ணே ஒண்ணுதான் சார் ஸ்பிரிங், அது சத்தமே போடலை. மத்ததெல்லாம் ரப்பர். சத்தம் கீபோர்டுல இல்ல சார், விரல்ல இருக்கு. எல்லாம் டைப்ரைட்டர்ல பழகின கை."

கதவு திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கல்மழை பட்டென்று நின்றது. மேஜை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. சரோஜா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியே பார்த்தார். அந்த நிசப்தத்தில் ஆடிட்டர் கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

"அப்போ கீபோர்டை விட்டுட்டு விரலை மாத்தச் சொல்றியா? பாஸ்கரைக் கூப்பிட்டு ஒரு ஜென்ட்ஸை அனுப்பச் சொல்றேன், நீ கிளம்பு."

டெலிபோன் டேபிள்

மறுநாள் பாஸ்கர் சார் திட்டவே இல்லை. பேனாவால் அந்த நாற்காலியைக் காட்டினார், அவ்வளவுதான். பாத்ரூமுக்குப் போய் அழுதேன், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. அப்பா அன்றைக்கு ராத்திரி பாயசம் வைக்கச் சொன்னார்.

ஆடிட்டர் ஆபீஸுக்கு டில்லி அண்ணன் போனார். சாயந்திரம் வந்து என் மேஜை ஓரத்தில் நின்றார். "நீ சொன்னதையேதாம்மா நானும் சொன்னேன். எல்லாம் ரப்பரு சார், கையிதான் வெயிட்டா கீதுன்னேன்." அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அண்ணன் தயங்கினார். "'அதானே பார்த்தேன், அனுபவஸ்தர் சொன்னாத்தான் புரியறது'ன்னாரு." எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அன்றைக்குச் சாப்பிட்ட பாயசம்கூட அதை அணைக்கவில்லை.

புரிந்துகொண்ட ஆடிட்டர் சும்மா இருந்திருக்கலாம். எதற்கும் எல்லாக் கீபோர்டையும் புதிதாக மாற்றிவிடு என்று சொல்லிவிட்டார். கீபோர்டு மேஜைக்கு மேலே, கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் மேஜைக்கு அடியில், வயரைச் செருகும் இடம் பெட்டிக்கும் பின்னால். ஒன்றை மாற்ற வேண்டுமென்றாலும் அடியில் தவழ்ந்து போகவேண்டும். ஒரு ஆம்பிளை அடியில் நுழைகிறான் என்றால், வரிசையாகப் புடவை கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒட்டுமொத்தமாக எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். போதாக்குறைக்குப் புதுக் கீபோர்டுகளின் பிளக் லூஸ், யார் முட்டி பட்டாலும் கழன்று விழும். ஒன்று கழன்றால் அண்ணன் ஓடுவார், மேஜை முழுக்க எழுந்திருக்கும். "நா உள்ள பூந்து வெளிய வர்ற வரிக்கும் அவங்கோ பேசிக்கினு கீறாங்கம்மா. அந்த சரோஜாம்மா நேத்து கீரையே ஆஞ்சி முடிச்சிட்டாங்கோ" என்றார் அண்ணன். ரிட்டர்ன் ஃபைலெல்லாம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்ததாம்.

ஒரு நாள் காலையில் போன் அடித்தது. எடுத்தேன். அதே ஆடிட்டர் குரல். பின்னணியில் கல்மழை இல்லை, யாரோ கலகலவென்று சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. "பாஸ்கர் இருக்காரா? இல்லையா? நீ யாரு பேசறது?" என்றார். "டெலிபோன் ஆபரேட்டர் சார்" என்றேன். "சரி, அவர் வந்தா சொல்லு. கீயெல்லாம் பிடுங்கிப் பாத்துண்டு ஒரு பொண்ணு வந்தாளோல்லியோ, இனிமே அவளைத்தான் அனுப்பணும். அவ இல்லேன்னா கான்ட்ராக்டே வேண்டாம்னு சொல்லு."

கடைசியில் ஒரு மனுஷனுக்காவது புரிந்துவிட்டது! ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சும்மா வைத்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா? "அந்த இன்ஜினியர் அவ்ளோ நல்லாக் கண்டுபிடிக்கிறாங்களா சார்?" என்று கேட்டேன்.

"அவ என்ன கண்டுபிடிச்சா, ஏது கண்டுபிடிச்சா எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அவ மேஜைக்கு அடியில போனா ஒருத்தரும் எழுந்துக்க வேண்டாம், அவா பாட்டுக்கு டைப் அடிச்சிண்டு இருக்கலாம் பாரு!"

அன்று மாலையே பாஸ்கர் சார் என் வேலையை உறுதிசெய்துவிட்டார். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் என்னென்னவோ சொல்லித் தந்தவர்கள் கூடவே கொஞ்சம் தவழவும் சொல்லித் தந்திருந்தால், நான் சேர்ந்த வாரமே நிரந்தரமாகியிருப்பேன்.